இரண்டாவது வாய்க்கரிசி

மந்தின் என்ற சிற்றூரில் பழைய சாலையோரம் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கோலாலம்பூரில் படப்பிடிப்பு முடிந்து சிரம்பானில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து அந்த வழியாக வருவேன். வந்தால் அந்தக் கடையில் நிறுத்தி வெற்றிலை வாங்காமல் போகமாட்டேன். கடைக்கார அம்மாவின் பேச்சுக்காகவே நிறுத்துவேன் என்றுகூடச் சொல்லலாம். காய்ந்துபோன வெண்டைக்காயைக் காட்டி, "இது நேத்திக்குதான் சார், ஆனா மனசு இன்னும் புதுசு" என்று விற்கிற ஆள் அவர்.

சென்ற ஆண்டு ஒரு நாள், வெற்றிலையை மடித்துக் கொடுத்தவர் அப்படியே கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், இது நீங்கதானே? நானும் எங்க மாமியாரும் ஒக்காந்து பாத்து ஒரே அழுகை லா. கெழவி மூக்கச் சிந்திச் சிந்தி டிஷூ பெட்டியே காலி. எந்த டிராமா சார் இது? முழுசா எங்க பாக்குறது?"

அந்தச் சின்னத் திரையில் நான் நடந்து வருகிறேன். கூடாரத்துக்கு நடுவே பெட்டியில் ஒருவர் படுத்திருக்கிறார். குனிந்து அவர் வாயில் அரிசி போடுகிறேன். "அண்ணே..." என்று நிறுத்தி, "கேக்குதா?" என்கிறேன். குரல் அந்த இடத்தில் உடைகிறது.

பெட்டியில் இருந்தவர் என் அண்ணன், கூடப் பிறந்தவர். அது நாடகமே இல்லை.

"புதுசும்மா. இன்னும் வரல," என்றேன்.

"செத்தவரா படுத்திருக்காரே, அவர் யாரு சார்? மூச்சே விடலியே! நல்லா நடிச்சிருக்காரு."

"ஆமாம்மா. நல்ல நடிகர்."

சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். வெற்றிலைப் பொட்டலம் மடியில் கிடந்தது. ஊரில் ஒரு கிழவர் இருந்தார். கூச்சம் தாங்காத நேரத்தில், "சட்டை போட்டிருக்கேன், இருந்தும் போடாத மாதிரி இருக்குப்பா" என்பார். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு கடைக்காரப் பெண்ணிடம் "அது என் அண்ணன்" என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒற்றை மைக்கைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பகா ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். அண்ணனும் மீசை முளைக்குமுன் பால்வாளி தூக்கியவர்தான். ஆண்டுக்கொரு முறை கோயில் திருவிழாவின் கடைசி நாளில் நாடகம் போடுவோம். எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கினால் மேடை. பெண்களிடம் இரவல் வாங்கிய சேலைகள்தான் திரை. மேடைக்கு நடுவே, குறுக்குக் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரே ஒரு மைக். வசனம் யாருக்கோ அவர் மைக்குக்குக் கீழே வந்து பேசவேண்டும். பேசி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு நகரவேண்டும். ராஜாவும் பிச்சைக்காரனும் ஒரே இடத்தில் வந்து நின்றுதான் பேசுவார்கள். இரண்டு பேர் சண்டை போடும் காட்சி என்றால் தாடையோடு தாடை முட்டும். எங்களுக்கு நாடகம் பழக்கிய மண்டோர், தோட்டத்துக் கங்காணி, அடிக்கடி கத்துவார்: "மைக்க விட்டு நகர்ந்தா கொசுவுக்குத்தான்டா கேக்கும்!"

அண்ணனுக்கு மேடை ஆசை கிடையாது. பலகை அடிப்பார், கயிறு கட்டுவார், நாடகம் தொடங்கியதும் கூட்டத்துக்குப் பின்னால் போய்விடுவார். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களையும் தூங்கிப்போன பிள்ளைகளையும் தாண்டி, கடைசி மரத்தில் சாய்ந்து நிற்பார். தோளில் வெள்ளைத் துண்டு. என் குரல் அங்கே எட்டவில்லை என்றால் அந்தத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே பிடிப்பார். துண்டு தெரிந்தால் நான் குரலை ஏற்றுவேன். எனக்கு நடிப்புப் பள்ளிக்கூடம் அதுதான். வேறெந்தப் பள்ளிக்கூடமும் என்னை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை.

நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்குமுன் அவரிடம் ஓடுவேன். "கேட்டுச்சாண்ணே?"

"பாதி கேட்டுச்சு. மீதிய உன் வாயப் பாத்துப் படிச்சிக்கிட்டேன்."

ஒரு வருடம் நான் இளவரசன். எதிரி என்னை மேடையின் ஓரத்தில் குத்திவிட்டான். எனக்கோ சாகும்போது பேச நீளமான வசனம் இருந்தது. மைக்கோ நடுவில் தொங்கியது. வயிற்றில் வாளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடுமேடைக்கு வந்து, சரியாக மைக்குக்குக் கீழே விழுந்து, பேசி முடித்துச் செத்தேன். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிட நின்ற அத்தனை பேருக்கு முன்னால் அண்ணன் கேட்டார்:

"ஏண்டா, குத்துப்பட்டவன் குத்துப்பட்ட எடத்துல சாவக்கூடாதா? மைக்குக்குக் கீழ வந்துதான் சாவணுமா?"

கணக்கு எழுதும் கிராணிகூடச் சிரித்துவிட்டார். அந்தக் கேள்வி இத்தனை வருடம் கழித்து என்னிடமே திரும்பி வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு நான் சிரம்பானில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விடுமுறை நாளில் பேருந்து ஏறிக் கோலாலம்பூருக்குப் போய் வானொலி நாடகத்துக்குக் குரல் கொடுத்தேன். முதலில் கூட்டத்தில் ஒருவன், அப்புறம் போலீஸ்காரன், அப்புறம் ஊமையாகி மீண்டும் பேசும் மாமா. தொலைக்காட்சி வந்தது. தலை நரைக்குமுன்பே எனக்கு அப்பா வேடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. நான்கைந்து படங்களிலும் நடித்திருக்கிறேன்; எல்லாவற்றிலும் அப்பாதான், எல்லா அப்பாவும் அழுகிற அப்பாதான். "அழுவுற அப்பாவா? அண்ணனக் கூப்புடுங்க" என்று என்னைத்தான் சொல்வார்கள். ஒப்பனை செய்கிற பெண் ஒருத்தி என் கன்னத்தில் பவுடரைத் தட்டிக்கொண்டே அலுத்துக்கொள்வாள்: "உங்களுக்குப் போட்டு என்னா புண்ணியம்? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு மழையில விட்ட மாதிரி."

எனக்குக் கிளிசரின் வேண்டாம் என்பதுதான் என் பெருமை. இயக்குநர் தலையசைத்தால் கண் நிறையும். எல்லோரும் வியப்பார்கள். எப்படி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் முறை நடந்தது இது. மகள் வீட்டை விட்டுப் போகும் காட்சி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. இயக்குநர் கத்தினார், விளக்குப் பிடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் கண்ணை மூடி, செம்பனைக் காட்டில் குலை விழுந்து அண்ணன் செத்துப்போனதாகவும், அவரைப் பலகையில் வைத்து எங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கி வருவதாகவும் நினைத்தேன். பொலபொலவென்று கொட்டியது. "கட்" சொன்னதும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அதுதான் என் வழி. ஒரே சாவைத் திரும்பத் திரும்ப நினைத்தால் மனது மரத்துவிடும். ஆகவே நாடகத்துக்கொரு சாவு. ஒன்றில் லாரி மோதிப் போனார். ஒன்றில் ஆற்றோடு போனார். ஒன்றில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் யாரும் பார்க்காமல் போனார். அவர் என்னவோ பகாவில் லாரி ஓட்டிக்கொண்டு, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்று, சனிக்கிழமை சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு திடமாகத்தான் இருந்தார். நான்தான் அவரை நாற்பது வருடமாகக் கொன்றுகொண்டிருந்தேன்.

ஒரு தடவை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்: "எப்பிடிடா ஒனக்குச் சட்டுனு அழுகை வருது?"

"கிளிசரின்ணே. கண்ணுல ஒரு சொட்டு."

"ஓ," என்றார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். அவ்வளவுதான்.

அவர் நெஞ்சுவலியில் போனார். நான் கற்பனை செய்த எந்தச் சாவும் அல்ல அது. காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார். அண்ணி தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு அவர்கள் பகாவுக்கு வெளியே ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கூடாரம் போட்டாகிவிட்டது. "சார் வந்துட்டாரு, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். துக்க வீட்டில் தம்பிக்கு வழி விடச் சொல்வது வேறு, நடிகனுக்கு வழி விடச் சொல்வது வேறு. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அண்ணனின் மூத்த மகள் லண்டனில் நர்ஸ். அவளுக்கு விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது. அதனால் இளைய மகளின் கணவர், நிலாய் ஊரில் வேலை பார்க்கிற அமைதியான மனிதர், ஒரு கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திப் பெட்டியின் தலைமாட்டுக்கு எதிரே வைத்திருந்தார். அக்காவும் வீடியோ அழைப்பில் அப்பாவைப் பார்க்கட்டும் என்று. அதில் குற்றம் எதுவும் இல்லை. இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஆண் பிள்ளை இல்லாததால் காரியம் எல்லாம் தம்பி என் தலையில். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். கையில் அரிசியோடு போனேன். அவர் வாயைப் பார்த்தேன். என் வாயைப் பார்த்துப் படித்த மனிதரின் வாய் மூடிக் கிடந்தது. அரிசியைப் போட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணே... கேக்குதா?"

தானாக வந்தது. குரல் தானாக உடைந்தது. நாற்பது வருடத்தில் நான் தயார் செய்யாமல் அழுத அழுகை அது ஒன்றுதான்.

அப்போது மருமகன் என் அருகில் வந்து, காதோடு, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: "மாமா, சாரி மாமா. லைன் கட்டாயிருச்சு. நீங்க வாய்க்கரிசி போட்டது அக்காவுக்குத் தெரியலயாம். அங்க கதறுறாங்க. இன்னொரு தடவ..."

பாவம், அவர் கண்ணிலும் நீர். வேறு யாராக இருந்தாலும், "விடுப்பா, போனது போகட்டும்" என்றிருப்பார்கள். அல்லது அரிசியைக் கொஞ்சம் எடுத்து வாய் பேசாமல் போட்டிருப்பார்கள்.

நான் கேட்டேன்: "எங்கேருந்து?"

எந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்று கேட்டேன். என் அண்ணனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

"உள்ள வர்றதுலேருந்து, மாமா."

கூடாரத்தின் கம்பம் வரைக்கும் பின்னால் போனேன். மறுபடி கையில் அரிசி. கைப்பேசி எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தேன். முதல் முறை குனிந்தபோது என் தோள் அண்ணன் முகத்தை மறைத்திருக்கும் என்று தோன்றியது; ஆகவே இந்த முறை அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்க் குனிந்தேன். "அண்ணே" என்று சொல்லி, முதல் முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினேன். அந்த முதல் முறையில் அவசரப்பட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு குறை இருந்தது. பிறகு "கேக்குதா?" அதே இடத்தில் குரலை உடைத்தேன். கண்ணீரும் வந்தது. நிமிர்ந்து, சரியாக வந்ததா என்று மருமகனைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

அவருக்குப் பின்னால் தரையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அதுவரை தலையில் அடித்துக்கொண்டு அழுதவர், அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சுடலைக்குப் போய், எல்லாம் முடித்து, குளித்துவிட்டு வந்தோம். குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சமையற்கட்டுக்குப் போனேன். அண்ணி அங்கே சுவரில் சாய்ந்து நின்றார்.

"ரெண்டாவது தடவ நல்லா வந்துச்சு, தம்பி," என்றார்.

குவளையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

லண்டனுக்காக எடுத்தது, அங்கே மூத்த மகள் பதிவுசெய்துகொண்டது, லண்டனோடு நிற்கவில்லை. உறவினர் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அது நாடு முழுக்கச் சுற்றியது. எனக்கே அதை அனுப்பி, "கண் கலங்கிவிட்டது ஐயா" என்று எழுதினார்கள். ஓர் இயக்குநர் அழைத்தார். முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நம்மகிட்ட ஒரு கத இருக்கு. மகன் ஆஸ்பத்திரியில சாவுறான். நீங்க அப்பா. அந்த வீடியோல வந்த மாதிரியே வேணும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சந்தோஷம் வந்தது. அதை மறைத்து எழுத முடியவில்லை. வெகுநாளாக எனக்குச் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. "எத்தன நாள் ஷூட்டிங்?" என்று கேட்டுவிட்டுத்தான், வீட்டில் துக்கம் என்பதே நினைவுக்கு வந்தது.

கருமாதி அன்று போனேன். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தால் அண்ணி ஏதாவது ஒரு வேலையை என் மேல் எறிவார். "வந்துட்டாரு கலெக்டர். ஒக்காந்து தேங்கா துருவுங்க." இத்தனை வருடமும் அப்படித்தான். நான் தொலைக்காட்சியில் அமைச்சராக நடித்த வாரத்திலும் அவர் வீட்டில் வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்ததும் முன்வரிசையில், உறை போட்ட நாற்காலியைக் காட்டினார். கோயில் தலைவர் ஒரு பக்கம், கட்சிக்காரர் ஒருவர் மறுபக்கம். மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி ஒன்று எனக்கு. சடங்கில் என் முறை வந்தபோது மட்டும் எழுந்து போய், செய்துவிட்டு, திரும்ப நாற்காலிக்கே வந்தேன். சோற்றுப் பானையைத் தூக்க ஆள் தேடினார்கள். நான் எழுந்தேன்.

"வேணாம்," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "அவர் விருந்தாளி. ஒக்காரட்டும்."

அந்த வீட்டில் நான் விருந்தாளி ஆனேன். அப்பா, அம்மா போய்விட்டார்கள், தோட்டம் போய்விட்டது, லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நான் பிறந்த வீடு என்று சொல்ல எனக்கு மிச்சம் இருந்தது அண்ணியின் சமையற்கட்டு ஒன்றுதான். அதன் கதவு எனக்கு மரியாதையாகச் சாத்தப்பட்டது. அதன் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டால் இளைய மகள்தான் எடுப்பாள். "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க சித்தப்பா." எந்த நேரம் கூப்பிட்டாலும் கோயில்.

இந்த நிலையில்தான் மந்தின் கடையில் அந்த அம்மா கேட்டதும், "புதுசும்மா, இன்னும் வரல" என்றேன். காரில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் புரிந்தது. அந்த வீடியோவில் ஓடுவது இரண்டாவது வாய்க்கரிசி. முதலாவது எங்கேயும் பதிவாகவில்லை. கடைக்கார அம்மா பார்த்தது நாடகத்தைத்தான். அதனால்தான் நானும் ஆமாம் என்றேன்.

சிரம்பானில் நிற்காமல் அப்படியே பகாவுக்கு ஓட்டினேன். சொல்லாமல் போனால்தான் அண்ணி வீட்டில் இருப்பார்.

அவர் பின்வாசலில் முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கை கழுவி, தேநீர் கலந்து, விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடிக் கோப்பையில் தட்டு வைத்துக் கொண்டு வந்தார். நான் அதைத் தொடவில்லை. மந்தினில் நடந்ததைச் சொன்னேன்.

"நல்ல நடிகர்னு சொன்னீங்களா?" என்றார். அவர் உதட்டின் ஓரத்தில் சிரிப்புப் போல ஏதோ வந்து போனது. "அது ஒண்ணுதான் உண்மை."

"இன்னொண்ணு சொல்லணும் அண்ணி. நான் நாடகத்துல அழுவுறது கிளிசரின் இல்ல."

"தெரியும்."

"அண்ணன் செத்துட்டதா நெனச்சுக்கிட்டுத்தான்..."

"தெரியும்னு சொல்றேன்ல." நெத்திலியை முறத்தில் தள்ளிவிட்டார். "அவருக்கும் தெரியும். அழுவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க வாய் அண்ணேன்னு அசையும். சத்தம் வராது. மகன் செத்தாலும் அண்ணே, பொண்டாட்டி ஓடிப்போனாலும் அண்ணே. அவருதான் கண்டுபுடிச்சாரு. மரத்தடியில நின்னு உங்க வாயப் படிச்ச ஆளாச்சே. டிவியப் பாத்துக்கிட்டு முறுக்கக் கடிச்சுக்கிட்டே சொல்வாரு, 'பாருடி, இன்னிக்கு நான் நல்லாச் செத்திருக்கேன்'னு."

"ஓ" என்று சொல்லிக் குழம்பு ஊற்றிக்கொண்ட மனிதரை நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் நடிகன் நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்குச் சிரிப்பு," என்றார் அண்ணி. "எனக்குச் சிரிப்பு வரல. நான் டிவிய அடச்சிருவேன். அவர் தொறந்து விடுவாரு. 'ஏய், அவன் எனக்காக அழுவுறான், பாக்க ஒரு ஆள் வேணாமா'ம்பாரு. கழுத்துல தாலியோட ஒக்காந்திருக்கிறவ நான். எத்தன தடவ என்னைய அறுக்க வெச்சிருக்கீங்க தெரியுமா?"

"அண்ணி..."

"சரி, தொழில், போவட்டும்னு விட்டேன். அன்னிக்கு அவர் நெசமாவே படுத்திருக்காரு. மொத தடவ நீங்க, கேக்குதான்னு கேட்டீங்க. எனக்கு அப்படியே ஒடம்பு சிலிர்த்துச்சு. இவருக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் திரும்பப் போயி, நடந்து வந்து, அந்தப் பக்கமாக் குனிஞ்சு..." முறத்தைத் தள்ளி வைத்தார். "ரெண்டாவது தடவ நீங்க அவர்கிட்ட கேக்கல தம்பி."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுப் போனார்கள். குத்துப்பட்ட இடத்தில் சாவாமல் மைக்குக்குக் கீழே வந்து விழுந்த இளவரசன் என் கண் முன்னால் கிடந்தான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சிரிப்பவர் இல்லை.

"இனிமே அவர எடுக்காதீங்க," என்றார் அண்ணி. "அவர் போயாச்சு. உங்க தொழிலுக்கு வேற யாரையாச்சும் வெச்சுக்குங்க. அவர விட்டுருங்க."

"சரி அண்ணி."

"தே ஆறிப் போச்சு," என்று கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புதிதாகக் கலந்து கொண்டு வரவில்லை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒப்புக்கொண்ட படப்பிடிப்பு வந்தது. செமினிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். மகனாக நடித்த பையன் கட்டிலில் படுத்திருந்தான். இயக்குநர் தலையசைத்தார். நான் கண்ணை மூடியதும் அண்ணன் வந்து நின்றார், வழக்கப்படி, தோளில் துண்டோடு, கொல்லப்படத் தயாராக. நான் அவரை அனுப்பிவிட்டேன். வேறு எதையாவது நினைக்கப் பார்த்தேன். அவர் மறுபடி வந்தார். மறுபடி அனுப்பினேன். கண் காய்ந்தே கிடந்தது.

"அண்ணே, அந்த வீடியோல பண்ணீங்களே..." என்றார் இயக்குநர்.

"அது வேணாம் தம்பி."

எல்லோரும் காத்திருந்தார்கள். விளக்குக்காரர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒப்பனைப் பெண் ஒரு குச்சியை எடுத்து வந்து என் கண்ணுக்குக் கீழே தடவினாள். கற்பூரம் மாதிரி காந்துகிற குச்சி. "கடேசியில உங்களுக்குமா?" என்றாள். கேலி செய்யத்தான் வந்தாள்; என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, கண்ணீர் என்று ஏதோ வழிந்தது. இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு, "ஓகேண்ணே, கேமராவக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிடலாம்" என்றார். கிட்டே காட்டினால் தாங்காது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அத்தனை பேர் முன்னிலையில் அது என் கையை விட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை நிமிராமல் காருக்குப் போனேன்.

திரும்பும் வழியில் மந்தினில் நிறுத்தினேன்.

"என்னா சார், கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு?" என்றார் கடைக்கார அம்மா. "அந்த டிராமா வந்துருச்சா? மாமியார் கேட்டுக்கிட்டே இருக்கு."

"அது டிராமா இல்லம்மா. அது எங்க அண்ணன். நெசமாவே செத்துட்டாரு."

அவர் கையிலிருந்த வெற்றிலைக் கட்டு அப்படியே நின்றது. "ஐயோ சார். மூச்சே விடலன்னு சொன்னேனே. நல்லா நடிச்சிருக்காருன்னு வேற..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வெட்கத்தில் பாதியை எடுத்து, ஒரு தப்பும் செய்யாத ஒருவர் தலையில் வைத்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்துக் கூசினேன்.

"அவர் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரும்மா," என்றேன். அது உண்மை. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. வெற்றிலையோடு இரண்டு எலுமிச்சம்பழத்தையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அந்த நாடகம் தொலைக்காட்சியில் வந்தது. நான் பார்க்கவில்லை. அது முடிந்த கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் அண்ணி. கருமாதிக்குப் பிறகு அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"பாத்தேன்," என்றார்.

"சொல்லுங்க அண்ணி."

"பேசுனதெல்லாம் கேட்டுச்சு. அழுகைதான் நல்லாவே இல்ல. சின்னப் புள்ள மொளகாக் கையக் கண்ணுல வெச்ச மாதிரி."

"ஆமாண்ணி."

"வாயையும் பாத்தேன். அசையல."

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அழுதால் அவருக்குக் கேட்கும். கேட்டால் நம்புவாரோ மாட்டாரோ. நம்பாமல் போக அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அதை நானே அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கிழம அவருக்குப் படையல். விடியறதுக்குள்ள வந்துருங்க. தேங்கா துருவ ஆள் இல்ல."